பள்ளிக்கூடத்து மைதானத்தில் அக்கா பேர் வேண்டாம்

தம்பிக்கு, அம்மா எழுதுவது.

நீ போனை வைத்த பிறகு நான் ரொம்ப நேரம் அதைக் கையிலேயே வைத்திருந்தேன். மறுபடி அடிப்பாய் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. உன் கோபம் நியாயம்தான். உன் அக்கா அமுதா செத்து வருஷம் திரும்பப் போகிறது. அவள் படித்த பள்ளிக்கூடத்து மைதானத்தை, நடக்க முடியாத பிள்ளைகளும் விளையாடுகிற மாதிரி என் செலவிலேயே செய்து தருகிறேன், முகப்பில் ஒரு கல் வைத்து எங்கள் அக்கா பேரை மட்டும் போடுங்கள் என்று நீ சிங்கப்பூரிலிருந்து தலைமை ஆசிரியையிடம் சொல்லியிருக்கிறாய். உன்னை ஒரு வார்த்தை கேட்காமல் நான் கிராம சபையில் எழுந்து நின்று, அந்தப் பணம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அதையும் நான் உனக்குச் சொல்லவில்லை, ஊர்க்காரர் யாரோ சொல்லி உனக்குத் தெரிந்திருக்கிறது. "அக்கா பேரு அங்க இருந்தா உனக்கு என்னம்மா வலிக்குது?" என்று கேட்டாய். அதற்குப் பதில் என்னிடம் இருக்கிறது, ஆனால் போனில் சொல்ல வராது. பேச ஆரம்பித்தால் அழுகை முந்திக்கொள்ளும், நீயும் அழுவாய், கடைசியில் சாப்பிட்டியா என்று கேட்டுவிட்டு இரண்டு பேரும் வைத்துவிடுவோம். அதனால் எழுதுகிறேன். அஞ்சாம் வகுப்போடு நின்றவள் எழுத்து, முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள். யாரிடம் வேண்டுமானாலும் காட்டு, ஒளித்துப் பேச இதில் ஒன்றுமில்லை.

அந்த மைதானம் உனக்குத் தெரியாதது இல்லை. ஆனால் நீ அதை ஓடியவன் கண்ணால் பார்த்தவன். நான் அமுதாவை இடுப்பில் தூக்கிக்கொண்டு அதன் ஓரத்தில் நின்றவள். ஒவ்வொரு தடவை ரோடு போடும்போதும் ரோடு ஒரு சாண் உயர்ந்தது, பள்ளிக்கூடம் அதே இடத்தில் இருந்தது, இப்போது மைதானம் வயல் மாதிரி கீழே கிடக்கிறது. ஐப்பசியில் நாற்று நடலாம். சித்திரையில் களிமண் வெடித்து, சக்கரம் மாட்டினால் எடுக்க ஆள் வேண்டும். விளையாட்டு நேரத்தில் அமுதாவை வராந்தாவில் உட்கார வைப்பார்கள். மற்றப் பிள்ளைகளின் செருப்பு அவளுக்கு முன்னால், வளையலும் தோடும் அவள் மடியில். விளையாட்டு வாத்தியார் நல்ல மனுஷன், பார்த்துப் பார்த்து மனம் கேட்காமல் அவள் கழுத்தில் விசிலை மாட்டி அம்பயர் ஆக்கினார். ஒரு வாரம் ஊதினாள். அப்புறம் கழற்றி அவர் கையிலேயே கொடுத்துவிட்டாள். "நான் ஆடாத ஆட்டத்துக்கு நான் எதுக்கு சார் அம்பயர்?" என்று கேட்டாளாம். அவர் என்னிடம் சொல்லிச் சிரித்தார், சிரிப்பு பாதியில் நின்றுபோனது. "அவளுக்கு வாய் நீளம் சார்" என்றேன் நான்.

அவளுக்கு ஆட வராது என்று நீயும் நானும் ஒருநாளும் நினைத்ததில்லை. நம் வாசலில் தண்ணீர் தெளித்த மண்ணில் நீங்களெல்லாம் உட்கார்ந்துகொண்டே கபடி ஆடுவீர்களே. எழுந்தால் அவுட் என்பது சட்டம். அந்தச் சட்டத்தை வைத்தவளும் அவள்தான். மூன்று சக்கர வண்டியைக் கையால் சுற்றிச் சுற்றி அவள் கை இரும்பாக இருந்தது. உன் காலைப் பிடித்தால் நீ கதறுவாய், அவள் விடமாட்டாள். "எனக்குக் கால் வராதுன்னு நெனச்சு உள்ள வந்தியாடா? இப்ப ஒனக்கு வருதான்னு பாரு!" தெருவே சிரிக்கும். நம் வாசலில் ஜெயித்தவள் பள்ளிக்கூடத்தில் செருப்புக்குக் காவல் இருந்தாள் என்றால், குறை அவள் காலில் மட்டும் இருந்ததா? எனக்கு அப்போது இப்படி யோசிக்கத் தெரியாது. அவள் போன பிறகு, சும்மா உட்கார்ந்திருக்கும்போதுதான் ஒவ்வொன்றாகத் தோன்றுகிறது.

பள்ளிக்கூடத்தில்தான் சாய்தளம் கட்டியிருக்கிறார்களே என்பாய். அது ஒரு தேர்தலுக்கு முன்னால் அவசரமாகக் கட்டியது, ஓட்டுப் பெட்டி வைக்கிற அறைக்குப் போகும். மற்ற நாளில் சத்துணவுக்கூடத்து கேஸ் சிலிண்டரை உருட்டத்தான் அது. தேர்தல் அன்றைக்கு மட்டும் சக்கர நாற்காலியும் தள்ள ஆளும் வீட்டு வாசலுக்கே வரும். ஓட்டுப் போட்டுவிட்டு வந்து அவள் சொன்னது உனக்கு ஞாபகம் இருக்கும். "இன்னைக்கு என் ஓட்டுக்குக் கால் மொளைச்சிருக்கும்மா. எனக்குத்தான் இன்னும் மொளைக்கல." நாம் சிரித்தோம். ஆனால் நான் ஒன்றைக் கவனித்திருந்தேன். அந்தச் சரிவில் ஏறும்போது அவள் தலை நிமிர்ந்திருந்தது. யார் கட்டினார்கள் என்று அதில் எழுதியிருக்கவில்லை, யாருக்கும் கும்பிடு போட வேண்டியிருக்கவில்லை. செய்தே ஆக வேண்டும் என்று இருந்தால் அரசாங்கம் ஒரு வாரத்தில் செய்கிறது. செய்யவில்லை என்றால், யாரும் செய்தே ஆக வேண்டும் என்று கேட்கவில்லை என்று அர்த்தம்.

மூன்று சக்கர வண்டி வந்த கதையையும் நீ மறந்திருக்க மாட்டாய். திருத்துறைப்பூண்டியில் ஒரு கல்யாண மண்டபத்தில் கூட்டம் போட்டுக் கொடுத்தார் ஒரு பெரிய வியாபாரி. போட்டோ சரியாக விழவில்லை என்று அவளை மேடையில் மறுபடியும் தூக்கி வைத்தார்கள். அவரை நான் குறை சொல்ல மாட்டேன், அந்த வண்டி இல்லாவிட்டால் அவள் பன்னிரண்டாம் வகுப்பு வரைக்கும் போயிருக்க முடியாது. ஆனால் வண்டியின் முதுகில் 'உபயம்' என்று போட்டு அவர் பேர், அவர் அப்பா பேர், கடைப் பேர் எல்லாம் சிவப்புப் பெயிண்டில் இருந்தது. அமுதா அதன்மேல் எப்போதும் ஒரு துண்டைத் தொங்கவிட்டிருப்பாள். "வெயிலுக்காடி?" என்று கேட்டேன். "இல்லம்மா. அவங்க குடும்பத்தையே சுமந்துகிட்டு கையால சுத்துற மாதிரி இருக்கு" என்றாள். செயின் அறுந்தபோது அது மாட்டுக்கொட்டகையில் எத்தனை நாள் கிடந்தது! அவரிடம் போய்க் கேளுங்கள் என்று எல்லோரும் சொன்னார்கள். எப்படிக் கேட்பது? கொடுத்தவரிடம் போய்க் குறை சொன்னால் நன்றி கெட்டவர்கள் ஆகிவிடுவோம். ரேஷனில் அரிசி புழுத்துப்போய் வந்தால் நான் கடை வாசலில் நின்று கத்துகிறேன், யாரும் என்னை நன்றி கெட்டவள் என்று சொல்லவில்லை. ஏன் என்றால் அது நம் அரிசி.

இனி இப்போது நடந்ததைச் சொல்கிறேன். கோகிலாவை உனக்குத் தெரியும், நம் தெருக் கடைசி வீடு, நடவுக்கு என்கூட வருகிறவள். புருஷன் திருப்பூர் போகிறேன் என்று போனவன் திரும்பவில்லை. அவள் மகள் தர்ஷினி அப்போது இரண்டாம் வகுப்பு. காலில் இரும்புப் பட்டை போட்டு, கட்டை ஊன்றி நடக்கும். அமுதாவிடம்தான் டியூஷன் படித்தது. அந்தப் பிள்ளைக்காகத்தான் தலைமை ஆசிரியை ஒன்றிய அலுவலகத்துக்கு எழுதிப் போட்டார். மைதானத்தை ரோடு மட்டத்துக்கு உயர்த்த வேண்டும், சக்கரமும் கட்டையும் புதையாத பாதை வேண்டும், முதுகு சாய்கிற, பெல்ட்டு வைத்த ஊஞ்சல் வேண்டும், நின்றுகொண்டோ நாற்காலியில் இருந்தபடியோ விளையாட மேடை போட்ட மணல் தொட்டி வேண்டும் என்று படமெல்லாம் வைத்து எழுதினார். ஊர் ஒரு பங்கு போட்டால் மீதியை அரசாங்கம் போடும், அப்படி ஒரு திட்டம் இருக்கிறது என்று பதில் வந்தது. அந்த நேரத்தில்தான் நீ முழுப் பணமும் தருகிறேன் என்று சொன்னாய். ஒன்றிய அலுவலகத்து ஓவர்சியர் பைக்கை விட்டு இறங்காமலே என்னிடம் சொன்னார்: "டோனர் கெடைச்சுட்டாராமே, ஒங்க பையன்தானாமே. நல்லதாப் போச்சும்மா, ஃபைலை க்ளோஸ் பண்ணிடலாம்."

"அப்ப அந்த அரசாங்கப் பணம் எங்கங்க போவும்?"

"எங்கியாவது போவும். வேற ஊருல ஒரு சுவரு, ஒரு வளைவு."

"வேற ஊருல நடக்க முடியாத புள்ளைங்க இல்லீங்களா?"

"இருக்கும். கேட்டாத்தானேம்மா குடுப்பாங்க."

அவர் போன பிறகு யோசித்தேன். சிங்கப்பூரில் தம்பி இருக்கிற அமுதாவுக்கு மைதானம் வரும். சிங்கப்பூரில் தம்பி இல்லாத பிள்ளை என்ன செய்யும்? உன் பணம் வந்தால் நம் ஊரில் ஒரு மைதானம் ஆகும், அதோடு அந்தக் கேள்வியும் மூடிப்போகும். இதைத்தான் நான் கிராம சபையில் சொன்னேன். எனக்குத் தெரிந்த மாதிரி சொன்னேன். பின்னால் இருந்து ஒருவர், "புள்ளை குடுக்குறான், ஆத்தாளுக்குக் குடுக்க மனசு வரல" என்றார். சிரித்தார்கள். அது எனக்கு வலிக்கவில்லை. கோகிலா எழுந்ததுதான் வலித்தது. "அத்தை, ஒங்க நியாயம் ஒங்களுக்கு. அரசாங்கம் எப்ப வரும்? எம்புள்ள அதுவரைக்கும் ரெண்டாம் வகுப்புலயே ஒக்காந்திருக்குமா? ஒங்க புள்ளைக்கு இனிமே ஊஞ்சல் வேணாம், எம்புள்ளைக்கு வேணும்." நான் உட்கார்ந்துவிட்டேன். அன்றைக்கு உன் போன் வந்திருந்தால், அனுப்புப்பா என்று சொல்லியிருப்பேன்.

அதற்கப்புறம் நடவில் அவள் பக்கத்து வரிசையில் குனிந்து நட்டாள், என்னிடம் பேசவில்லை. பேசாமல் நடுவது கஷ்டம் தம்பி, இடுப்பு இரண்டு மடங்கு வலிக்கும். கடைசியில் அவளே வாய் திறந்தாள். "அப்புடிப் பேசியிருக்கக் கூடாது அத்தை. அமுதா அக்கா எனக்கு மட்டும் என்ன கம்மியா." அப்போதுதான் நான் அவளிடம் கேட்டேன், "ஊஞ்சல் ஒடைஞ்சுபோச்சுன்னா யாருகிட்டடி போயி கேப்பே? எம்மவனுக்குப் போன் போடுவியா?" அவள் கையில் நாற்றோடு நிமிர்ந்தாள். "தம்பிக்கா? ச்சே. வெக்கமா இருக்காது?" என்றாள். நாற்றை ஊன்றிவிட்டு, "அப்ப ஊரு பங்கை ஊரே போட்டா என்ன? கோயிலுக்குத் தலைக்கட்டு வரி போடுறாங்கல்ல" என்றாள். அது என் யோசனை என்று ஊரில் சொல்கிறார்கள், இல்லை, அவளுடையது.

வீட்டுக்கு இவ்வளவு என்று திருவிழாவுக்குப் போடுகிற அந்த வரி நம் தெருவுக்கு வந்ததே இல்லை. உனக்கு நினைவு தெரியாத வயசில், உன் அப்பா வேட்டி மடிப்பில் பணத்தை வைத்துக்கொண்டு, நாமும் கொடுப்போம் என்று போனார். "ஒங்க தெருவுக்கு வரி இல்லப்பா, நீ போ" என்று அனுப்பிவிட்டார்கள். வந்து சாப்பிட உட்கார்ந்தவர், "பணம் மிச்சம்" என்று மட்டும் சொன்னார். சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், சாப்பிடவில்லை. இதை நான் சொல்லி நீ கேட்டு வளர்ந்தாய். அந்தத் தெருப் பையன் முழு மைதானத்தையும் கொடுத்தான் என்று ஊர் பார்க்கட்டும் என்று உனக்குள் இருக்கும். எனக்கும் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் உன் அப்பா ஊருக்கு மேலே நிற்கப் போகவில்லை தம்பி, ஊரில் ஒரு வீடாக நிற்கத்தான் போனார்.

மறுபடி கூட்டம் கூடியது. பஞ்சாயத்துத் தலைவர் அம்மா, எல்லாத் தெருவுக்கும் ஒரே பங்கு என்றார். வடக்குத் தெருப் பெரியவர் ஒருவர், "சாமி காரியத்துக்குத்தான் தலைக்கட்டு. பள்ளிக்கூடத்துக்கு ஏது?" என்றார். "புள்ளைங்க எல்லாத் தெருவுலேருந்தும்தான வருது, தாத்தா? நீங்க ஒத்தை ஆளா வந்து படிக்கப்போறீங்களா?" என்றார் தலைவர். கெட்டியான பாதை என்று சொன்னதும் கூட்டத்தில் பாதிப் பேருக்கு முகம் மலர்ந்துவிட்டது. அறுப்புக் காலத்தில் நெல் காயப்போட இடமாச்சு என்று அங்கேயே பேச ஆரம்பித்துவிட்டார்கள். "நெல்லு ஒரு மணி அதுல விழக் கூடாது, சொல்லிப்புட்டேன்!" என்று தலைமை ஆசிரியை கத்த, "லீவு நாள்லயாவது டீச்சர்…" என்று ஒரு குரல் கெஞ்ச, நானும் ரொம்ப நாளைக்கு அப்புறம் சிரித்தேன். சிரித்துவிட்டு, அமுதா இருந்தால் இதை எப்படி நடித்துக் காட்டுவாள் என்று நினைத்தேன், உடனே கண்ணைத் துடைத்துக்கொள்ள வேண்டியதாகிவிட்டது.

வீட்டுப் பேர்களை வாசித்தார்கள். முதல் தடவையாக நம் தெருப் பேர்கள். உன் பேரும் வந்தது, ஒரு வீடாக. கோகிலா பேர் வரவில்லை. அவள் எழுந்து, "எம் பேரு எங்கங்க?" என்றாள்.

"ஆம்பளை இல்லாத வீடும்மா, பாவம்னு விட்டாச்சு."

"விட்டுட்டுப் போனவன் அவன். நீங்களுமா விடுறீங்க? எழுதுங்க. நாளைக்கு ஏதாச்சும் ஒடைஞ்சா நான் வந்து சத்தம் போடணும்ல?"

யாரும் சிரிக்கவில்லை. எழுதிக்கொண்டார்கள்.

நீ கேட்டதற்கு இதுதான் பதில் தம்பி. அமுதா கொடுத்தவள் இல்லை. அவள் கேட்டு நின்றவள், கிடைக்காமல் போனவள். கல்லில் அவள் பேரைப் போட்டால், பின்னால் வருகிற பிள்ளைகளுக்கு அவள் யாரோ ஒரு புண்ணியவதி ஆகிவிடுவாள். தர்ஷினி ஊஞ்சல் ஆடுவதற்கு முன்னால் அந்தக் கல்லுக்கு நன்றி சொல்லச் சொல்வார்கள், ஆண்டுவிழாவில் மாலை போடுவார்கள். என் மகள் இன்னொரு பிள்ளையின் முதுகில் பாரமாக உட்காருவதை நான் பார்க்க மாட்டேன். அவள் பேரை எங்கேயாவது வைத்தே ஆக வேண்டும் என்று உன் நெஞ்சு அடித்துக்கொள்வது எனக்குத் தெரியாதா? அவள் பேரைக் கூப்பிட்டுப் பழகிய என் வாய், சாயங்காலம் விளக்கு வைக்கும்போது தானாகத் திறக்கிறது. நீ கல்யாணம் செய், உனக்கொரு பெண் பிறந்தால் அவளுக்கு வை. கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிற ஆளுக்குத்தான் பேர் வேண்டும்.

ஊர்ப் பங்கு சேர்ந்துவிட்டது. பணமாகக் கொடுத்தவர்களும் உண்டு, அறுப்பில் நெல்லாகத் தருகிறேன் என்றவர்களும் உண்டு. நம் வீட்டுப் பங்கை நான் நடவுக் கூலியில் கொடுத்துவிட்டேன். அரசாங்கத்துப் பங்கு இன்னும் வரவில்லை. நானும் கோகிலாவும் ஒவ்வொரு திங்கட்கிழமையும் கலெக்டர் ஆபீஸில் மனு கொடுக்கப் போகிறோம், தர்ஷினியையும் கூட்டிக்கொண்டு. எஸ்டிமேட் திரும்பி வந்திருக்கிறது என்கிறார்கள், ஏதோ அப்ரூவல் என்கிறார்கள். நாங்கள் தலையை ஆட்டிவிட்டு வெளியே வந்து, அவன் என்ன சொன்னான் என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்கிறோம். படித்தவன் நீ, உனக்கு அந்த வார்த்தையெல்லாம் சோறு மாதிரி. எந்த மேஜையில் நிற்கிறது, யார் கையெழுத்து வேண்டும் என்று நீ கேட்டால் அவர்களால் மழுப்ப முடியாது. என்மேல் காட்டினாயே ஒரு கோபம், அதை வீணாக்காதே, அங்கே கொண்டுவந்து காட்டு.

நான் செய்தது சரி என்று எனக்கு நிச்சயமில்லை. உன் பணத்தை வாங்கியிருந்தால் இந்நேரம் மண் அடித்து மைதானத்தை உயர்த்தியிருப்பார்கள். அந்தப் பிள்ளை இந்த வருஷம் மூன்றாம் வகுப்புக்குப் போய்விட்டது. நேற்றும் வராந்தாவில்தான் உட்கார்ந்திருந்தது, மற்றதுகள் ஓடுவதைப் பார்த்துக்கொண்டு. அஞ்சாம் வகுப்போடு அந்தப் பள்ளிக்கூடம் முடிந்துவிடும். ஃபைல் நின்ற இடத்தில் நிற்கும், பிள்ளை நிற்காது. கோகிலா அதை என்னிடம் இப்போது சொல்வதில்லை. சொல்லாமல் இருப்பதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

அதனால் பணம் அனுப்பாதே. லீவு கேட்டு வா. வருஷ திவசத்துக்கு எப்படியும் வருவாய், கொஞ்சம் முன்னாலேயே வா, நடுவில் ஒரு திங்கட்கிழமை இருக்கிற மாதிரி பார்த்து வா. காலை முதல் பஸ்ஸுக்கே போக வேண்டும், வரிசை நீளம். தர்ஷினியால் அவ்வளவு நேரம் கட்டை ஊன்றி நிற்க முடியாது, நானும் கோகிலாவும் மாற்றி மாற்றித் தூக்கிக்கொள்கிறோம். நீ வந்தால் மூன்று பேர் ஆவோம்.

உன் வரவைப் பார்த்திருக்கும்,
அம்மா